பந்தாய் டாலாமின் வெளியேற்று நீரைக் குடிநீராக்குதல்: நாளுக்கு 1,000 கன மீட்டருக்கான நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரின் பந்தாய் டாலாம் பகுதியிலுள்ள பந்தாய் 2 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தரைக்கு அடியில் இயங்குகிறது. அதன் தலைமேல் பூங்காவும் விளையாட்டுத் திடலும் இருக்கின்றன. 14 லட்சத்து 23 ஆயிரம் பேருக்கு ஈடான கழிவுநீரை ஏற்கும்படி கட்டப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்பது மலேசிய வடிவமைப்புக் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 3 லட்சத்து 20 ஆயிரம் கன மீட்டர் வருகிறது. வறட்சியிலும் குறையாத இந்த நீர், நாள்தோறும் கிள்ளான் ஆற்றில் கலக்கிறது.

அதைக் குடிநீராக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் குடிக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூர் கழிவுநீரிலிருந்து எடுக்கும் நியூவாட்டரை 2003இல் தொடங்கியது. நமக்கு முன்னுள்ள கேள்வி வேறு. இந்த நீர் சுத்தமாக இல்லாத அந்த ஒரு நிமிடத்தை, அது குழாயைச் சேருமுன் எப்படிக் கண்டுபிடிப்பது? சுத்தம் செய்யும் கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். சுத்தமாக இருக்கிறது என்ற சான்றை நாமே ஒவ்வொரு மணி நேரமும் உண்டாக்க வேண்டும். இந்த ஆய்வு பெரும்பாலும் அதைப் பற்றியது. கீழே உள்ள அலகு கட்டப்பட்ட ஒன்றன்று. பந்தாய் போன்ற ஒரு நிலையத்தின் ஓரத்தில் நாளுக்கு 1,000 கன மீட்டர் தரும் மாதிரி அலகு வைத்தால் கணக்கு எப்படி வரும் என்று போட்டுப் பார்த்த வடிவமைப்பு.

திட்டமில்லாமல் ஏற்கெனவே குடிப்பது

மலேசியக் கழிவுநீர் விதிகள் (2009) வெளியேற்று நீருக்கு இரண்டு தரங்களை வைக்கின்றன. ஏ தரத்தில் பி.ஓ.டி. (கிருமிகள் அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதவைத் திண்மம் 50, சி.ஓ.டி. (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 120. பி தரத்தில் 50, 100, 200. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் நிலையங்களுக்கு ஏ தரம் கட்டாயம். இந்த விதி இருப்பதே, ஒரு ஊரின் வெளியேற்று நீர் கீழே உள்ள ஊரின் குடிநீரில் கலக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். லங்காட் ஆற்றில் அம்மோனியா ஏறியபோதெல்லாம் அங்கே குடிநீர் ஆலைகளை மூட நேர்ந்ததும் இதனால்தான். அம்மோனியாவுக்குச் சுகாதார அமைச்சின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். கிள்ளான் ஆற்று நீரைப் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் தேக்கிச் சுத்திகரிக்கும் ராசாவ் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், பந்தாயின் நீர் எந்தத் திசையில் போகிறது என்பது விளங்கும். ஆற்றின் வழியாகக் குறைந்த தடுப்புகளோடு குடிப்பதா, நேராகப் பிடித்து அதிகத் தடுப்புகளோடு குடிப்பதா என்பதே உண்மையான தேர்வு.

நீர்க் கணக்கு

உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) சவ்வுக்குள் போகும் நீரில் 75 விழுக்காடு மறுபக்கம் வரும் என்று வைப்போம். 1,000 கன மீட்டர் வேண்டுமானால் சவ்வுக்கு 1,333 தர வேண்டும். அதற்கு முன்னுள்ள அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் (நுண்துளை இழைகளாலான வடிகட்டி) தன்னைக் கழுவிக்கொள்ள 8 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். ஆகவே நிலையத்திலிருந்து எடுக்க வேண்டியது 1,450. கழுவிய 117 கன மீட்டர் நிலையத்தின் வாசலுக்கே திரும்பும். மீதி 333 கன மீட்டர் உப்பும் மாசும் செறிந்த கழிவு. அதைப் பின்னால் பேச வேண்டும். கோலாலம்பூருக்கு உள்ள பெரிய தலைவலி அதுதான்.

எடுக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை இடிமழையில் விரிசல் விட்ட குழாய்கள் வழியே மழைநீர் புகும். படிவுத் தொட்டியிலிருந்து சேறு மேலெழும்பி வெளியேறும். கலங்கல் 10 என்.டி.யு.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் அலகு தானாக நீர் எடுப்பதை நிறுத்த வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது அடிக்கடி நடக்கும். நாளுக்கு 24 மணி நேரமும் ஓடும் என்று கணக்குப் போட்டு அலகை வாங்கினால் 1,000 கன மீட்டர் ஒருநாளும் கிடைக்காது. மணிக்கணக்கு திறனில் ஐந்தில் ஒரு பங்காவது கூட்டி வாங்குவது நல்லது.

குளோரின் எங்கே கெடுக்கிறது

முப்பது டிகிரி நீரில் கிருமிப் படலம் சவ்வின்மேல் சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும். அதைத் தடுக்க லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாவது) விட வேண்டும். தனிக் குளோரின் ஆர்.ஓ.வின் பாலிஅமைடு படலத்தை அரித்துவிடும். குளோரமைனை அது பெரும்பாலும் தாங்கும். ஆனால் குளோரமைன் உண்டாக நீரில் அம்மோனியா இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நன்றாக நடக்கும் நிலையம் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி, 0.1 மில்லிகிராம் மட்டுமே மிச்சம் வைத்திருக்கும். ‘இந்த நிலையத்தில் அம்மோனியா எப்போதும் உண்டு’ என்ற பழைய எண்ணத்தில் குளோரின் தரும் ஹைப்போகுளோரைட் கரைசலை மட்டும் விட்டால், அது முழுவதும் தனிக் குளோரினாகச் சவ்வைச் சேரும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் தனிக் குளோரின் சில நூறு மணி நேரம் பட்டாலே உப்புத் தடுப்பு குறையத் தொடங்கும். நீரில் இரும்பு இருந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். நிலையம் சிறப்பாக ஓடும் வாரத்தில்தான் சவ்வு கெடுகிறது.

ஆகவே அம்மோனியம் சல்பேட் முதலில், நன்கு கலந்தபின் ஹைப்போகுளோரைட். குளோரினுக்கும் அம்மோனியா நைட்ரஜனுக்கும் எடை விகிதம் 4:1. 5:1ஐத் தாண்டக் கூடாது. 1,450 கன மீட்டருக்கு நாளுக்கு 4.35 கிலோ குளோரின் வேண்டும். 12 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டில் அது 36 லிட்டர். அம்மோனியம் சல்பேட் 5 கிலோவுக்குச் சற்று மேல். ஹைப்போகுளோரைட் நம் வெயிலில் வேகமாக வலுவிழக்கும். ஒரு மாத இருப்பை வெளியே நீலப் பீப்பாயில் வைத்துவிட்டு, லேபிளில் உள்ள 12ஐ நம்பிக் கணக்குப் போடக் கூடாது. நிழலில் வையுங்கள், வாரம் ஒருமுறை வலுவைச் சோதியுங்கள், பத்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம். ஆர்.ஓ. பம்புக்கு முன்னால் தனிக் குளோரின் அளவியும், நீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டும் ஓ.ஆர்.பி. அளவியும் இருந்தே தீர வேண்டும். வரம்பு தாண்டினால் பம்பு நிற்க வேண்டும்.

சவ்வுகளும் அவற்றின் சாட்சியும்

அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் எளிது. 0.03 மைக்ரான் துளையுள்ள நூலிழைகள், 77 சதுர மீட்டர் பரப்புள்ள 16 மாட்யூல்கள், கழுவும்போது ஈடுகொடுக்க இன்னும் இரண்டு. அரை மணிக்கு ஒருமுறை பின்கழுவல். இதில் தவறவே கூடாதது நாளுக்கு ஒருமுறை செய்யும் காற்றழுத்தச் சோதனை: நீரை வடித்து, காற்றை அடைத்து, ஐந்து நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஓர் இழை அறுந்தாலும் தெரியும். குமிழி வரும் இழையைத் தேடி இருபுறமும் ஊசியடித்து அடைத்துவிடலாம். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் 10,000இல் 9,999 நின்றுவிடும் என்று இந்தச் சோதனையால் உரிமை கோரலாம். துறையில் இதை 4 லாக் என்பார்கள்; ஒவ்வொரு லாக்கும் பத்தில் ஒன்றாகக் குறைப்பது.

ஆர்.ஓ.வுக்கு, மேலே சொன்ன கூடுதல் பங்கைச் சேர்க்காமலே, 8 அங்குலச் சவ்வுகள் 66 தேவை. ஒவ்வொன்றும் 37 சதுர மீட்டர். குழாய்க்கு ஆறு வீதம் முதல் கட்டத்தில் 7 குழாய்கள், இரண்டாம் கட்டத்தில் 4. சதுர மீட்டருக்கு மணிக்கு 17 லிட்டர் வரும். கழிவுநீருக்கு இதற்கு மேல் இழுத்தால் அழுக்கு அப்பும். நம் நீர் சூடாக இருப்பதால் 9 பார் அழுத்தமே போதும். பம்பு 18, 19 கிலோவாட் எடுக்கும், அதாவது கன மீட்டருக்கு 0.45 யூனிட். சூட்டுக்கு விலையும் உண்டு. நீர் எளிதாகப் போவதுபோல் உப்பும் எளிதாகப் போகும்.

இப்போது இந்தத் துறையில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு. உள்ளே போகும் நீரின் மின்கடத்துத் திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) 700, வெளியே வருவது 25 என்று வைப்போம். விகிதம் 3.6 விழுக்காடு, லாக் கணக்கில் 1.45. குழாயிணைப்பில் ஓர் ஓ ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்து, வெளியே வருவது 30 ஆகிறது. அளவியைப் பார்ப்பவர், வெயில் கூடியிருக்கும் என்று நினைப்பார். அந்த 5இன் பொருள், சுத்திகரிக்காத நீர் 0.7 விழுக்காடு நேராகக் கலக்கிறது என்பது. அந்தக் கசிவோடு வைரஸ் தடுப்பு 2.15 லாக்குக்கு மேல் இருக்கவே முடியாது. நல்ல சவ்வு உண்மையில் வைரஸை இதைவிடப் பல மடங்கு தடுக்கும். ஆனால் மின்கடத்துத் திறன் 1.5க்கு மேல் சாட்சி சொல்லாது, ஆகவே 1.5 மட்டுமே நமக்குரியது. கரிமக் கார்பன் அளவி வைத்து 8 மில்லிகிராம் 0.08 ஆவதைக் காட்டினால் 2 லாக் வரை போகலாம். விலை கூடிய கருவிதான். இந்த அலகில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் அதுதான். பதினொரு குழாய்களிலும் தனித்தனி மாதிரிக் குழாய் வைத்து வாரந்தோறும் அளந்தால், கசிவு எந்தக் குழாயில் என்று அரை மணியில் தெரியும்.

சவ்வு அடைபடுவதற்கு நம் ஊரில் இரண்டு காரணங்கள் முதன்மையானவை. முதல் கட்டத்தின் வாயில் கிருமிப் படலம்: அழுத்த வேறுபாடு ஏறும். இரண்டாம் கட்டத்தின் வாலில் கால்சியம் பாஸ்பேட்: நீர் வரத்து குறையும், உப்பு ஏறும். 75 விழுக்காட்டை எடுத்துவிட்டால் மிச்சத்தில் எல்லாம் நான்கு மடங்கு. நிலையத்தில் பாஸ்பரஸ் நீக்கம் ஒரு வாரம் தடுமாறினால் சவ்வின் வால் கல்லாகும். பி.எச். அளவை 6.7 அருகே வைத்தால் பெருமளவு தப்பலாம். வெப்பநிலைக்குச் சரிசெய்த வரத்து 10 முதல் 15 விழுக்காடு இறங்கியதும் கழுவிவிட வேண்டும். 30 வரை காத்திருந்தால் பழைய நிலை திரும்பாது. படலத்துக்குக் காரம், பாஸ்பேட்டுக்குச் சிட்ரிக் அமிலம். இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகக் கழுவுங்கள். சேர்த்துக் கழுவினால் முதல் கட்டத்து அழுக்கு இரண்டாம் கட்டத்தில் போய் உட்காரும்.

சவ்வைத் தாண்டிப் போவது

ஆர்.ஓ. எல்லாவற்றையும் தடுக்கும் என்பது தவறு. மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறுகள் நழுவும்: அசிட்டோன், ஃபார்மல்டிஹைடு, என்.டி.எம்.ஏ. (புற்றுநோய் ஐயமுள்ள ஒரு சேர்மம்), ஓரளவு 1,4-டையாக்ஸேன், போரான். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கரைப்பான் நாற்றமுள்ள கழிவு கலந்து சிலாங்கூர் ஆற்றின் நான்கு குடிநீர் ஆலைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே கரைப்பான் சாக்கடைக் குழாய்க்குள் ஊற்றப்பட்டால், நாம் இதுவரை விவரித்த இரண்டு சவ்வுகளும் கைகொடுக்காது.

அதனால் மூன்றாவது தடுப்பு: ஹைட்ரஜன் பெராக்சைடு 3 மில்லிகிராம் கலந்து, பலத்த புற ஊதா ஒளி. வைரஸ்களிலேயே மிகவும் பிடிவாதமான அடினோவைரஸை 4 லாக் கொல்ல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 186 மில்லிஜூல் வேண்டும். என்.டி.எம்.ஏ.வை உடைக்க அதைப் போல் பல மடங்கு. ஆகவே விளக்கின் அளவை முடிவு செய்வது கிருமியல்ல, இந்த வேதிப்பொருள். மீந்த பெராக்சைடு பின்னால் விடும் குளோரினைத் தின்றுவிடும்: 1 மில்லிகிராமுக்கு 2.1 மில்லிகிராம். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குழாயில் குளோரின் ஏன் நிற்கவில்லை என்று வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

கோலாலம்பூரில் மின்னல் மிகுதி. ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தாலே விளக்கு அணையும். மீண்டும் முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். பம்புகள் உடனே ஓடத் தொடங்கினால் அந்த நிமிடங்களின் நீர் கதிர் படாமல் போய்விடும். ஆகவே அந்த நீரைத் தடுத்துத் திருப்பும் வால்வு, மின்சாரம் போனதும் சுருள்வில்லால் தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். மின்மோட்டாரால் மூடும் வால்வு இங்கே உதவாது. மூட வேண்டிய நேரத்தில் அதற்கு மின்சாரம் இருக்காது.

மூலத்தைக் கட்டுப்படுத்துவதே மலிவான தடுப்பு. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளின் எண்ணெய் குழாயை அடைக்கும், நிலையத்தில் நுரைக்கும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். கிரீஸ் டிராப்பை வாரந்தோறும் அள்ளினால் தீரும். கார்ப் பட்டறையின் தின்னர், அச்சகத்தின் கரைப்பான், முலாம் பூசும் பட்டறையின் தொட்டி நீர், இவைதான் ஆபத்து. ஒரு வாளி போதும். பட்டறைக்காரருக்கு மலாய், தமிழ், சீன மொழிகளில் நேரில் சொல்லி, கழிவை வாங்கிக்கொள்ள ஓர் இடமும் தர வேண்டும். ஊற்ற வேறு இடமில்லாதவரிடம் ஊற்றாதே என்று மட்டும் சொல்லிப் பயனில்லை.

கூட்டிப் பார்த்தால்

கலிபோர்னியாவின் விதிகள் உலகிலேயே கடுமையானவற்றில் சேரும். நிலத்தடி நீரில் விட்டு எடுக்கும் மறைமுக வழிக்கு வைரஸ் 12 லாக், ஜியார்டியா (இன்னொரு குடல் ஒட்டுண்ணி) 10, கிரிப்டோஸ்போரிடியம் 10. நேராகக் குழாயில் விட 20, 14, 15. நம் அலகில் வைரஸுக்கு: அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் 0, ஆர்.ஓ. 1.5, புற ஊதா 6, குளோரின் 4, மொத்தம் 11.5. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 4, 1.5, 6, 0, அதுவும் 11.5. கார்பன் அளவி வைத்து ஆர்.ஓ.வை 2 ஆக்கினால் வைரஸ் 12 ஆகும், மறைமுக வழிக்குப் போதும். நேரடிக் குடிநீருக்கு இந்த அமைப்பு மிகவும் பற்றாது; ஓசோனும் உயிரியல் கரிப் படுகையும் இன்னொரு புற ஊதா அலகும் சேர வேண்டும். சிங்கப்பூர் செய்வதைப் போலவே செய்தால் குழாயில் விடலாம் என்று பேசுவோர், சிங்கப்பூர் குடிநீருக்கான பங்கை நீர்த்தேக்கத்தில்தான் கலக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோலாலம்பூருக்குப் பொருந்துவது மறைமுக வழியே. கிள்ளான் கேட்ஸ் குடிநீர் அணைக்கு ஏற்றலாம். 100 மீட்டர் உயர்த்த, பம்புத் திறன் 70 விழுக்காடு என்றால், கன மீட்டருக்கு 0.39 யூனிட் கூடுதல், நீண்ட குழாயின் உராய்வு தனி. முன்பு சொன்ன சுரங்கக் குட்டைகளுக்கு விட்டால் இறக்கம்தான், செலவு குறைவு. ஆனால் இவ்வளவு சுத்தம் செய்த நீரை ஆற்று நீரோடு சேர்க்கிறோம். இரண்டில் அணையே மேல். நீர் கூடுதல் நாள் தங்கும், கலப்பு தெரிந்த அளவில் இருக்கும்.

அனுப்புமுன் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் 1,000 கன மீட்டர்: ஒன்று நிரம்பும், ஒன்று சோதனையில் காத்திருக்கும், ஒன்று வெளியேறும். ஈ. கோலை சோதனைக்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும் என்பதால்தான் இந்த அளவு. தொட்டியைச் சிறிதாக்கிச் செலவைக் குறைத்தால், முடிவு வரும்போது நீர் போய்ச் சேர்ந்திருக்கும். ஆர்.ஓ. நீரின் பி.எச். 6க்குக் கீழே இருக்கும், கடினத்தன்மை ஏறத்தாழச் சுழியம். அப்படியே விட்டால் சிமெண்ட் பூச்சையும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களையும் கரைக்கும். சுண்ணக்கல் படுகை வழியே 15, 20 நிமிடம் விட்டு, நாளுக்கு 60 கிலோ அளவில் கரைய வைத்தால் பி.எச். 8 அருகே நிற்கும்.

மக்கள் கேட்பவை

பந்தாய் டாலாம், கம்போங் கெரிஞ்சி அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல. இது ‘சாக்கடைத் தண்ணியா’ என்று ஒரு பாட்டி கேட்டால், ஆமாம், அதிலிருந்து எடுத்ததுதான் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை விளக்க வேண்டும். அழகான பெயர் வைத்து மறைத்தால், பிறகு சொல்லும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். கொதிக்க வைத்தால் போதாதா என்பார்கள்: கிருமிக்குப் போதும், கரைப்பானுக்கும் மருந்தெச்சத்துக்கும் போதாது. கோயில் அபிஷேகத்துக்கு ஆகுமா என்று கேட்பதும் நியாயமே. அதைப் பொறியாளர் தீர்க்க முடியாது, கோயில் நிர்வாகத்தோடும் குருக்களோடும் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டும். முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு 1978இல் சவூதி அறிஞர் மன்றம் அளித்த தீர்ப்பு இருக்கிறது: நிறம், மணம், சுவையில் அசுத்தத்தின் சுவடே இல்லாமல் சுத்திகரித்த நீர் தூயது, உடலுக்குக் கேடில்லை என்றால் குடிக்கலாம்.

333 கன மீட்டர்

சிங்கப்பூர் தன் செறிகழிவைக் கடலில் விடுகிறது. பந்தாயிலிருந்து கடல் வெகு தொலைவு. வெளியேற்று நீரின் சி.ஓ.டி. 30 என்றால் செறிகழிவில் 120. ஏ தரத்தின் வரம்பும் 120தான். நிலையம் ஒருநாள் 35இல் ஓடினால் செறிகழிவு 140, சட்டமீறல். நைட்ரேட் நைட்ரஜன் 8 என்றால் 30ஐ எட்டும்; ஏ தரம் ஆற்றுக்கு 20 என்கிறது. செறிகழிவை நிலையத்தின் வாசலுக்கே திருப்பினால் உப்பு சுற்றிச் சுற்றிச் சேரும்.

1,000 கன மீட்டர் அளவில், நிலையத்தின் மீதி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கன மீட்டரோடு கலந்து வெளியேறினால் மாற்றம் அளவியில்கூடத் தெரியாது. ஆனால் அதைக் கலப்புக்கு முன் அளப்பதா, பின் அளப்பதா என்று சுற்றுச்சூழல் துறையிடம் எழுத்தில் பெற வேண்டும். அலகை 1 லட்சம் கன மீட்டராகப் பெருக்கினால் செறிகழிவு 33,000 கன மீட்டர். மீதி நீரோ பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அப்போது நைட்ரேட்டை உண்ணும் தனி உயிரியல் தொட்டி ஒன்றும், கரிமப் பொருளுக்கு ஓசோனும் செறிகழிவுக்கென்றே கட்ட வேண்டும். பெரிய அலகுக்கு இடம் ஒதுக்கும் வரைபடத்தில் சவ்வுக் கூடத்துக்கு அடுத்து அந்தத் தொட்டிக்கான நிலத்தையும் முதல் நாளே குறித்துவிட வேண்டும். தரைக்கடியில் இயங்கும் நிலையத்தில் பிறகு தோண்ட இடம் கிடைக்காது.